பதிவான குரல்

"நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்" என்றது செல்பேசி.

புருல் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கம்பளத்தில் அவள் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். தட்டு கவிழ்ந்து, எண்ணெயில் பொரித்த பொர்சோக் ரொட்டித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அவருடைய உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

சற்று முன்பு வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த மீரிமிடம் மருமகளைக் காட்டிக் கேலி செய்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு தடவ என் பேரச் சொல்லியிருப்பாளா கேளும்மா. கனவுல நான் வந்தாக்கூட 'வீட்டுப் பெரியவரு'ன்னுதான் கூப்பிடுவா."

புருல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினாள். இந்தப் பக்கத்தில் எந்த மருமகளும் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. மீரிமின் அம்மாவும் சொன்னதில்லை.

அரசாங்க வேலைகளெல்லாம் செல்பேசிக்குள் போனபிறகு ஜனங்கள் அதோடு எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்பதுதான் மீரிமின் ஆய்வு. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போகும் அவசர அழைப்புகள் ஏன் பாதியிலேயே அறுந்துபோகின்றன? அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

புருலிடமும் கேட்டாள். போன குளிர்காலத்தில் மாமியார் மூச்சுக்குத் திணறியபோது கூப்பிட்டதாகச் சொன்னாள் புருல்.

"சிக்னல் இல்லக்கா. கட்டாயிடுச்சு."

மீரிம் அப்படியே எழுதிக்கொண்டாள். இறந்துபோன மாமியாரின் வெள்ளைத் தலைத்துணி, அடுக்கிய மெத்தைகளின் மேல் இன்னும் மடித்தபடியே இருந்தது.

"நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்."

"வீட்டுப் பெரியவரு" என்றாள் புருல்.

"இந்தப் பெயர் பதிவில் இல்லை."

மீரிம் செல்பேசியைப் பிடுங்கினாள். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன.

"பெய்ஷெனாலி!" என்று கத்தினாள்.

"இது பதிவான குரல் அல்ல."

இந்த வீட்டுக்குப் பதிவான குரல் ஒன்றே ஒன்று, புருலுடையது. புருலின் கணவன் மந்தையோடு மலையில் இருப்பவன். எப்போதும் வீட்டோடு இருப்பவரின் குரலைப் பதிவதே நல்லது என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தது மீரிமின் குழுதான்.

"சொல்லித் தொலையேன்! வெறும் பேருதானே?" என்று செல்பேசியைத் திருப்பி அவள் கையில் திணித்தாள் மீரிம்.

புருல் மாமனாரைப் பார்த்தாள். கிழவர் கையைத் தூக்கினார். சொல் என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, தெரியவில்லை. கை பாதியில் விழுந்தது.

"கடைசி வாய்ப்பு. பதில் இல்லையென்றால் அழைப்பு முடிந்துவிடும்."

'முடிந்துவிடும்' என்பதைக் கேட்டதும் புருலின் பார்வை மெத்தை அடுக்குக்குப் போனது. வெள்ளைத் துணியில் ஒரு கணம் நின்றது.

பிறகு மாமனாருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முக்காட்டால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

"பெய்ஷெனாலி!"

வெளியே கட்டியிருந்த நாய் குரைக்கத் தொடங்கியது.

"நன்றி. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

மீரிம் கிழவரின் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டாள். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். மூச்சு விசிலடித்தாலும் விட்டுப்போகாமல் வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா" என்றாள், புருல் பக்கம் திரும்பாமலே. "சொன்னா வானமா இடிஞ்சு விழுந்துடுச்சு?"



புருல் நின்ற இடத்திலேயே நின்றாள். திரை அணைந்திருந்தது. செல்பேசி மட்டும் இன்னும் வாயருகே இருந்தது.

"சுராகான்" என்றாள் அதனிடம்.

பதிவில் ஏறவேண்டும் என்பதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாகச் சொன்னாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

"சுராகான்."

"யாரு அது?" என்றாள் மீரிம்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி" என்றார்.

மீரிம் தன் குறிப்பில் 'சிக்னல் இல்லை' என்று எழுதியிருந்த வரியை அடித்தாள்.