நேரலையில் ஒரு மனு

“சொல்லுங்கக்கா, நீங்க நேரலையில இருக்கீங்க” என்றார் ரேடியோக்காரர்.

மனுக்காரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் ஊரில் அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு, ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள். அடுத்தவர் குறையை அவர்களைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவள்.

கணவரின் வேலைக்காக இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து நான்கு மாதம். பேச ஆளில்லை. கணவரோ பத்துக் கேள்விக்கு ஒரு பதில் உதிர்ப்பார். அதுவும் “ம்”.

சனிக்கிழமை காலையில் வரும் அந்த ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சிதான் அவளுக்குப் பிடிமானம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையிலிருந்து, டாக்சி ஓட்டுகிற இந்த ரேடியோக்காரர் சம்பளமில்லாமல் நடத்துவது. எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்பதில் தொடங்கி, இந்த ஊர் பாஷையில் நலம் விசாரிப்பது வரை எல்லாம் அவர் சொல்லித்தான் கற்றாள்.

இன்றைய தலைப்பு, ‘புது ஊரில் உங்களை மிரள வைத்தது எது?’

“பக்கத்து வீட்டம்மா” என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

“ஒண்ணு, சிரிக்க மாட்டாங்க. புருவம் வரைக்கும் தொப்பி, மூக்கு வரைக்கும் மஃப்ளர். நடுவுல தெரியிற ரெண்டு விரல் இடத்துலயும் முறைப்பு. ரெண்டு, கதவை மெதுவாச் சாத்தணும்னு சீட்டு எழுதி எங்க வாசல்ல ஒட்டுறாங்க. வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்திடுமா? மூணு, போன வாரம் லிஃப்ட்ல, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே, ‘எப்படி இருக்கீங்க’ன்னு இந்த ஊர் பாஷையில கேட்டேன். அவங்க இறங்க வேண்டியது அஞ்சாவது மாடி. மூணாவதுலயே இறங்கி ஓடிட்டாங்க!”

ரேடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்கு மாதத்தில் அவள் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மனுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

“உம்மணாமூஞ்சின்னே பேர் வச்சிருக்கேன். இந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இங்க இருக்கிறதுக்கு ஊருக்கே போயிடறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.”



“அக்கா, உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க” என்றார் அவர். “நீங்க பேசுறதே திரும்பக் கேக்குது.”

“நான் போன் போடும்போதே அணைச்சுட்டேனே.”

ஒரு நொடி. இரண்டு நொடி.

“நான் போன் போடும்போதே அணைச்சுட்டேனே” என்றது சுவர்.

அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த சுவர். பக்கத்து வீட்டுச் சுவர்.

போனைத் துண்டித்தாள். அந்தக் கட்டடத்தில் பத்து நாட்டு ஆட்கள். முழுமுகத்தைப் பார்த்தாலே யார் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. இரண்டு விரல் இடத்தை வைத்து எதைக் கண்டாள்?

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு பெண் குரல் முணுமுணுத்தது.

மனுக்காரி ஓடிப்போய்த் தன் ரேடியோவைப் போட்டாள்.

“வணக்கங்க. நான் அந்த உம்மணாமூஞ்சி பேசுறேன்.”



“அவங்க சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லைங்க. அவங்க பேசுன பாஷையைக் கேட்டு, இந்த ஊர்க்காரங்கன்னு நெனச்சுட்டேன். எனக்கு அந்த பாஷையில வணக்கத்துக்கு மேல ஒரு வார்த்தை வராது. அன்னிக்குத் திடீர்னு கேள்வி கேட்டுட்டாங்க. பதில் தெரியலை, இறங்கி ஓடிட்டேன். அந்தச் சீட்டுகூட ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல என்கூட வேலை பாக்குற இந்த ஊரம்மா ஒருத்தங்க எழுதிக் கொடுத்ததுதான். விடிகாலை வேலைங்க, மத்தியானம்தான் தூங்குவேன். இந்த நிகழ்ச்சியைக்கூட அங்கதான் காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன். இன்னிக்குத்தான் லீவு.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். முதலில் சுவரில், பிறகு ரேடியோவில்.

“ஊருக்குப் போறேன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. நானே இந்த மூஞ்சியைக் கண்ணாடியில பாத்துக்கிட்டு ரெண்டு வருஷமா இங்க இருக்கேன். அவங்களால முடியாதா?”

மனுக்காரி செருப்புக்கூடப் போடாமல் கதவைத் திறந்தாள். பக்கத்துக் கதவும் திறந்தது.

தொப்பி இல்லை, மஃப்ளர் இல்லை. அழுது சிவந்த, வட்டமான, சாதாரணமான முகம். தன் வயதுதான் இருக்கும்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. பழக்கதோஷம், இந்த ஊர் பாஷையில் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

“மன்னிச்சிடுங்க” என்றாள் மனுக்காரி. “நீங்களும் எனக்கு ஒரு பேர் வச்சிருப்பீங்கதானே?”

“அது வேணாம்.”

“பரவாயில்ல, சொல்லுங்க. மனசு ஆறும்.”

பக்கத்து வீட்டம்மா எட்டி வந்து காதில் சொன்னாள்.

மனுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்திய கையை மீறிச் சிரிப்பு பீறிட்டது. இவள் சிரிக்க, அவள் சிரிக்க, ஐந்தாவது மாடி முழுக்க எதிரொலித்தது.

ஆறாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலாக ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“அம்மா, அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றார் அவர், சுத்தமான தமிழில். “ரேடியோவுல சரியா விழலை.”

இருவரும் மேலே பார்த்தார்கள். பிறகு, பக்கத்து வீட்டம்மா கையில் இன்னும் அணைக்காமல் பிடித்திருந்த போனைப் பார்த்தார்கள்.