வேண்டாமென்ற ஒருத்தி

"இந்த முதுகை வெட்டித் தூக்கிப் போட்டாலும் சரி, இனிமே என்னால பொறுக்க முடியாது!"

கட்டிலில் குப்புறக் கிடந்த லாரி டிரைவர், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினார்.

"கத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் கீழே தேய்க்கறேன்," என்றாள் மனைவி. தைலம் பூசிய கை அவருடைய இடுப்பை நோக்கி மெதுவாக இறங்கியது. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் குடும்பம் ஓடுவது அந்த மெஷினில்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு டயரைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட முதுகு. அன்றோடு வண்டி போயிற்று, தூக்கம் போயிற்று, மனுஷனுடைய சிரிப்பும் போயிற்று. செருப்பு மாட்டிவிடக்கூட அவள்தான் குனிய வேண்டும்.

"டாக்டர்தான் ஆபரேஷன் பண்ணிக்கோன்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்னடா யோசனை?" என்றாள் டிரைவரின் அக்கா. தம்பியின் நிலைமையைக் கேள்விப்பட்டு, கையில் பையோடு காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள்.

"நான் எங்கேக்கா யோசிக்கறேன்? இவதான் வேண்டவே வேண்டாங்கறா."

அக்காவின் பார்வை தம்பி மனைவியின் பக்கம் திரும்பியது. "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"முதுகெலும்பு விஷயம்க்கா. பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு இப்படித்தான் பண்ணாங்க. படுத்த படுக்கையாயிட்டார்."

"யாருக்கோ ஆச்சுன்னா இவனுக்கும் ஆகணுமா? வாயைக் கழுவு!"

"இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே. தைலம் தேய்க்கறேன், ஒத்தடம் கொடுக்கறேன். என்னிக்காவது நான் சலிச்சுக்கிட்டேனா?"

"நீ சலிச்சுக்கலம்மா. உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க இவன் கொடுத்து வச்சிருக்கணும். ஆனா வலி அவனுக்குல்ல?"

அவள் தைல பாட்டிலை மூடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விடுக்கா, அவ ஒரு பயந்தாங்கொள்ளி. நான் செத்துகித்துப் போயிடுவேனோன்னு நடுங்கறா," என்றார் டிரைவர். அந்தக் குரலில் அபூர்வமாகக் கொஞ்சம் கனிவு இருந்தது. "ஏய், இங்க பாரு. இந்த வலியோட காலம் பூரா இழுத்துக்கிட்டுக் கிடக்கறதுக்கு, ஓடற லாரிக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கலாம். புரியுதா?"

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க," என்றவள் வாய்விட்டே அழுதுவிட்டாள்.

நாத்தனார் எழுந்து வந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பாசமா என்று அவளுக்கே கண் கலங்கியது. ஆனால் ஆபரேஷன் நடந்தே ஆக வேண்டும் என்ற முடிவை மட்டும் நாத்தனார் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துகிற இடத்தைப் பேனாவால் காட்டினார்.

"இதை எடுத்துட்டா நரம்புக்கு நிம்மதி. உங்களுக்கும் நிம்மதி. கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருந்தா போதும். அப்புறம் தாராளமா குனியலாம், நிமிரலாம். வண்டிகூட ஓட்டலாம்."

"கேட்டியா?" என்று அக்கா தம்பி மனைவியை முழங்கையால் இடித்தாள்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "டாக்டர், வலி மட்டும் குறையற மாதிரி ஏதாவது மருந்து இருக்கா? முழுசா சரியாகலைன்னாலும் பரவாயில்ல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பரவாயில்லையாம்! எந்தப் பொண்டாட்டியாவது இப்படிக் கேட்பாளா? பயத்துல என்ன பேசறோம்னே தெரியல டாக்டர் இவளுக்கு."

டாக்டர் சிரித்தார். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"திங்கட்கிழமையே வச்சுக்கலாம் டாக்டர். இவ பேச்சைக் கேட்டா நான் உருப்பட்ட மாதிரிதான்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ரத்தப் பரிசோதனைக்காக அக்கா தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள். ஒவ்வோர் அடிக்கும் அவர் முனகுவது வராந்தாவிலிருந்து கேட்டது. ஸ்கேன் படங்களை உறையில் போட்டு எடுத்துக்கொள்ள மனைவி மட்டும் பின்தங்கினாள். உள்ளே போட்ட படத்தையே வெளியே எடுத்து மறுபடியும் போட்டாள்.

"உட்காருங்கம்மா," என்றார் டாக்டர். "ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கற மாதிரி அவரைப் பார்த்துக்கறீங்க. தைரியம் சொல்ல வேண்டிய நீங்களே இப்படி ஒடைஞ்சு போனா எப்படி? ஆபரேஷன் தோத்துடுமோன்னு பயமா?"

அவள் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

"இல்ல டாக்டர். ஜெயிச்சுடுமேன்னுதான் பயம்."

டாக்டர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"அவர் துடிக்கறதைப் பார்க்க என்னாலயும் முடியல, சத்தியமா முடியல. ஆனா கல்யாணமானதுலேர்ந்து நான் அடி வாங்காம இருக்கறது இந்த ஆறு வருஷம்தான். அவர் ஒண்ணும் திருந்திடலை டாக்டர்... கையை ஓங்கினா முதுகு விடலை."