கிளைக்குப் பூட்டு

“கிளையில இருக்கிற ஆளு இங்க கேக்காம ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. அதுக்குப் புதுசா வாங்குற சர்வர் சாஃப்ட்வேர்ல எது சரி தம்பி, 2003-ஆ, 2008-ஆ?”

முதலாளி மீரா உசேன் இப்படிக் கேட்டதும் வசந்தகுமாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூத்தாநல்லூர் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு அவனுடையது. பட்டுக்கோட்டைக் கிளையில் அதே வேலை பார்ப்பவன் அன்சார். ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அந்த ஒரு காரணமே அவனை வெறுக்க வசந்தகுமாருக்குப் போதுமாக இருந்தது.

அந்தத் தேங்காய் எண்ணெய்க் கம்பெனியில் யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம், எதைப் பார்க்கலாம் என்பதையெல்லாம் சர்வரில் இருக்கும் டைரக்டரி என்கிற பெயர்ப் பட்டியல்தான் தீர்மானிக்கும். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு சர்வர், இரண்டுக்கும் சம அதிகாரம். அங்கே அன்சார் புதிதாக ஒருவரைச் சேர்த்தால், இங்கே வசந்தகுமார் வேண்டுமென்றே நீக்கிவிடுவான். பில் போட ஆள் இருந்தும் கம்ப்யூட்டர் திறக்காமல் லோடு லாரி வாசலில் நிற்கும்.

“போன வாரம்கூட லாரி நின்னுச்சே, அது யாரால?” என்றார் முதலாளி.

“வேற யாரு, அன்சார்தான்!” வசந்தகுமாருக்கு நாக்கு கூசவில்லை. “2003 போட்டா இப்ப மாதிரியேதான் முதலாளி, கண்டவனும் கை வைப்பான். 2008-ல கிளைக்குன்னே ஒரு வகை இருக்கு. டைரக்டரியைப் பாக்கலாம், அவ்வளவுதான். ஒரு பேரைச் சேர்க்கணும்னாலும் இங்க வந்து கெஞ்சணும்.”

“கெஞ்சணுமா?”

“அந்த மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி.”

முதலாளி மாடிப்படிப் பக்கம் திரும்பினார். வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். மூத்த மருமகன் ஷேக் பரீத் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிக்குப் புதுக் கட்டிலும் ஏசியும் ஏற்றுகிற ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வீட்டோடுதான். மாமனார் சோற்றில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஏசி ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டான் வசந்தகுமார். அவன் மனதில் யாருக்கும் நல்ல வார்த்தை இருந்ததில்லை.

“2003-ஏ போதும், ரெண்டு பேரும் கலந்து பேசிச் செஞ்சுக்கலாம்னு அன்சார் சொல்றாரே?”

“பயம் முதலாளி. புதுசு தெரியாது, பழசைக் கட்டிக்கிட்டு அழறான். ஷார்ஜால என்னத்தைப் பாத்தானோ! அங்க கீபோர்டைத் துடைச்சிருப்பான்.”

முதலாளி போனைக் கையில் எடுத்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. போட்டப்புறம் மாத்த மாட்டேன். கிளையில யார் உக்காந்தாலும் இதான்.”

“யாரா இருந்தா என்ன? கிளைன்னா அடங்கித்தான் கிடக்கணும். 2008-ஏ போடுங்க.”

முதலாளி அங்கேயே தஞ்சாவூர் டீலருக்கு போன் போட்டார். இரண்டு ஊருக்கும் 2008, பட்டுக்கோட்டைக்குப் பார்க்க மட்டும் முடிகிற வகை என்று சொல்லி ஆர்டரை உறுதி செய்தார். வசந்தகுமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி அன்சார் ஒவ்வொன்றுக்கும் தன்னைத்தான் கூப்பிட வேண்டும். நாலு தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

“அன்சார்கிட்ட நானே சொல்லிடட்டுமா முதலாளி?” என்று ஆசையாகக் கேட்டான்.

“அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த மாசம் அவருக்கும் என் சின்ன மக சபிஹாவுக்கும் நிக்காஹ். எங்க வீட்டுல மாப்பிள்ளைங்க பொண்ணு வீட்டோடதான் இருப்பாங்க, உங்களுக்குத் தெரியுமே. அதனால தலைமை ஆபீசை இனிமே அவர்தான் பாத்துக்குவார்.”

“அப்ப... நான்?”

“திங்கட்கிழமைலேர்ந்து மன்னார்குடி போயி பட்டுக்கோட்டை பஸ் பிடிச்சிருங்க தம்பி.”