நூற்று நாற்பத்து மூன்றாம் கல்

நவம்பர் 21, வியாழன்.

இன்றைய தவறு: சுரங்க ரயில் நிலையத்தின் ஆறாம் வாசலில் ஏற வேண்டியவள், நான்காம் வாசலில் ஏறிவிட்டேன். திரும்ப இறங்கி ஏறியதில் இருபது நிமிடம் போய்விட்டது. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இறுதி ஆட்டம் முடிந்து, மறுபார்வை தொடங்கியிருந்தது.

மாலை வகுப்பில் கொடுத்த வேலை எளிது. கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கொரியப் பலகை ஆட்டமான பாதுக்கின் பட்டப் போட்டியில், ஆட்டம் முடிந்ததும் ஆடிய இருவரும் அதே பலகையில் கற்களை மறுபடி வைத்து, எங்கே பிசகியது என்று பேசுவார்கள். அதைக் கேட்டு வரிசையாக எழுதி வர வேண்டும்.

கதவில் தாள் ஒட்டியிருந்தது. கறுப்பு, பாங் இல்சு. வெள்ளை, ஜு தேஹோ. இருவருக்கும் நாற்பத்து நான்கு வயது, ஒரே ஆசிரியர் வீட்டில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இந்த முறையும் தோற்றால் இனிமேல் கல்லையே தொடமாட்டேன் என்று பாங் பேட்டி கொடுத்திருந்ததை ரயிலில் படித்தேன். மூன்று மாத மாணவி நான். இருவர் முகமும் எனக்குத் தெரியாது.

சுவரோரம் என் வகுப்புத் தோழர், டாக்சி ஓட்டும் கு என்பவர், நின்றிருந்தார்.

"யாரு ஜெயிச்சாங்க?" என்று காதருகே கேட்டேன்.

"வாயை மூடும்மா. நீ வந்த நேரத்துக்கு நான் ஊரையே ஒரு சுத்து சுத்தியிருப்பேன்."

அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை. பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். தோற்றவர்தான் முதலில் பேசுவார், வென்றவர் முகத்தில் வெற்றியைக் காட்டாமல் காத்திருப்பார் என்பது வகுப்பில் முதல் வாரப் பாடம்.

ஒருவர் நிமிர்ந்து, மடியில் கை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். மற்றவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, பலகைமேல் கவிந்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கறுப்புக் கற்கள் இருந்த கிண்ணம் அவருக்கு எட்டவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் பலகையைத் தாண்டிக் கையை நீட்டினார். பாவம் பாங் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

"நூத்தி நாப்பத்தி மூணாவது கல். இங்க சேர்த்தது தப்பு. வெட்டியிருந்தா?"

எதிரே இருந்தவர் விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க வந்தா மூலை செத்துரும்."

"சரி. முதல்ல மூலையைக் காப்பாத்திட்டு அப்புறம் வெட்டினா?"

"அதுக்குள்ள நடுவுல எல்லாம் போயிரும்டா."

பேசிக்கொண்டிருந்தவர் கற்களைத் திரும்ப எடுத்தார். அவசரத்தில் ஒரு கறுப்புக் கல் உருண்டு மேசைக்கடியில் போனது. யாரும் குனியவில்லை.

"ஒரு வழி இருந்திருக்கணும்," என்றார். "வழியே இல்லாம தோத்தாத்தான் விலகணும். வழி இருந்து தோத்தா அது வெறும் பிசகு. பிசகுக்குப் போய் யாராவது முப்பது வருஷத்தைத் தூக்கிப் போடுவாங்களா?"

"சாப்பாட்டுலயும் நீ இப்படித்தான். காலிச் சட்டியில நூடுல்ஸ் தேடுவ."

சுவரோரம் இரண்டு பேர் சிரித்தார்கள். தேடியவர் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார்.

நேரம் 6:52. நான் எழுதியவரை அவர் ஏழு வழிகள் வைத்துப் பார்த்துவிட்டார். ஆறாகவும் இருக்கலாம், ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ என்று சந்தேகம். கோப்பையுடன் பாதுக் சங்கத்து ஆள் இரண்டு முறை கதவருகே வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு அவர் வலது ஓரத்தில், யாருமே கவனிக்காத இடத்தில், ஒரு கறுப்புக் கல்லை வைத்தார். மெதுவாக எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"அரைப் புள்ளி," என்றார். "பாரு, அரைப் புள்ளியில கறுப்பு ஜெயிச்சிருக்கும். வழி இருந்திருக்கு. இருந்திருக்குடா."

கு என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே இருந்தவர் முதன்முறையாகக் குனிந்தார். நான்கு நிமிடம் பலகையை ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒத்துக்கொண்டுவிடுங்களேன், வென்ற உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் விரல் மெல்ல இறங்கி, அந்தக் கல்லுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டது. "வெள்ளை இங்க வந்தா அந்த வழியும் போச்சு."

தேடியவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அமைதியாக இருந்தவர் பலகையிலிருந்த கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மேசைக்கடியில் விழுந்ததையும் குனிந்து எடுத்துத் துடைத்தார். எல்லாவற்றையும் தன் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டு மூடினார்.

"போதும்டா தேஹோ, ஜெயிச்சவன் அழக் கூடாது, போய்க் கோப்பையை வாங்கு."

நாளைய வேலை: குறிப்பில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதுவது. பிறகு 143-ஐ இன்னொரு முறை வைத்துப் பார்ப்பது.