பலகையில் மூன்று இடம்

விடிந்தால் ஆண்டு விழா. பத்தாம் வகுப்பில் முதலிடம் வாங்கியவர்களின் பலகையில் மூன்று வருடங்கள் மட்டும் காலி. அந்தப் பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. தலைமையாசிரியை அனிதா மேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில், சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஜெய்லானியை வரவழைத்தார்.

அவர் மளமளவென்று சொன்னார். "தொண்ணூத்தி நாலு, ஞானமுத்து. பரீட்சையில கையை வச்சு மறைச்சுக்கிட்டேதான் எழுதுவான். தொண்ணூத்தஞ்சு, கலீல். கணக்குல புலி, கையெழுத்து மட்டும் கோழி கிளறுன மாதிரி இருக்கும். தொண்ணூத்தாறு, பாண்டீஸ்வரன். தங்கமான பய."

பெயின்டர் எழுத எழுத அனிதா மேரி அசந்துபோனார்.

"இம்புட்டு ஞாபகமா? நீங்களும் போட்டி போட்டுப் படிச்சிருப்பீக. இதுல உங்க செட்டு எதுங்க?"

ஜெய்லானி தாடியைத் தடவிக்கொண்டார்.

"மூணு பேருமே, வருசத்துக்கு ஒருத்தனா, ஒம்பதாப்புல எம் பெஞ்சுதான் டீச்சர். பாண்டீஸ்வரன் பேப்பரைக் காட்டுனதுனால மூணோட நின்னுச்சு. இல்லாட்டி நாலாவது பேரும் சொல்லிருப்பேன்."