ஊன்றாத கால்

அனிமேஷன் செய்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் தயாரிக்கும் வீடியோ கேமில் நாயகன் நடந்தால் கால் தரையில் ஊன்றுவதில்லை. ஐஸ் மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போகிறான். சரிசெய்ய ஒரு வாரம் கேட்டாள்.

"விளையாடுறவன் துப்பாக்கியப் பார்ப்பான். காலை எவன்மா பார்க்கப் போறான்?" என்றார் மேனேஜர்.

"கால் ஊனலைன்னா அது தன்னோட ஆளுன்னே அவனுக்குத் தோணாது சார். பொம்மையத் தள்ளுற மாதிரிதான் இருக்கும்."

"உன் புராணத்த நிறுத்து. கேம் நாளைக்கு இப்படியே வெளிய போகுது."

அவளுடைய உழைப்பை மூக்கைச் சிந்திப் போடுகிற மாதிரி போட்டுவிட்டு எழுந்தார். அவர் நடந்தால் மரத்தரை அதிரும். இன்று சத்தமே இல்லை. கால்கள் என்னவோ மாறி மாறி எட்டு வைத்தன. ஒன்றுகூடத் தரையில் ஊன்றவில்லை. ஆள் மட்டும் மேஜைகளுக்கு நடுவே கதவை நோக்கி வழுக்கிக்கொண்டே போனார்.

"கிளம்பியாச்சா சார்?" என்று வழியில் இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். படிக்கட்டிலும் அப்படியே வழுக்கி இறங்கினார்.

கூப்பிடத்தான் வாயெடுத்தாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிவிட்டாள். காலை எவன் பார்க்கப் போகிறான்?