நாற்பது தீவு பார்த்த நங்கூரம்

கரீபியக் கடலில் ஒரு தீவு. அதன் மலையருவியைப் பார்த்தே தீருவதென்று கடலடியிலிருந்து கிளம்பிய நண்டு, பக்கவாட்டு நடையின் புண்ணியத்தில் மூன்று நாளாகியும் கரையைத் தொடவில்லை. அதன் எதிரே உல்லாசக் கப்பலின் நங்கூரம் தொப்பென்று இறங்கியது.

“இந்த வருஷத்துல இது நாற்பதாவது தீவு, தம்பி!” என்றது நங்கூரம்.

நண்டுக்கு வெட்கமாகிவிட்டது. “என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே!” என்று அதைக் கட்டிக்கொண்டது.

மாலையில் கப்பல் ஊதியது. நங்கூரம் மெல்ல எழும்பியது.

“அண்ணே, நாற்பதுல எந்தத் தீவு அருவி ஒசத்தி?”

“அருவியா? நாற்பதையும் பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. தீவுன்னா சேறு. சிலதுல கொஞ்சம் மணல் கலந்திருக்கும்.”

நண்டு சட்டென்று பிடியை விட்டது.

“என்ன தம்பி, இறங்கிட்டே?”

“எங்க ஊர்ச் சேத்தையே நான் இன்னும் பார்த்து முடிக்கலேண்ணே!” என்று கத்திவிட்டு, நண்டு கரையை நோக்கிப் பக்கவாட்டில் நடந்தது.